அப்படி ஒரு கோப்பு இல்லை

செப்டம்பர் 22, திங்கள்

இந்த நோட்டு உங்கள் கையில் எப்படிக் கிடைத்ததோ எனக்குத் தெரியாது. கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக இந்த வீட்டில் இருக்கிறவர்களிடம் காட்டாதீர்கள். படித்தே ஆக வேண்டுமென்றால் படித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே, வேதியியல் ரெக்கார்டு நோட்டுக்கு அடியில் வைத்துவிடுங்கள்.

என் பெயர் யுவஸ்ரீ. பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு. அப்பா இல்லை. அம்மா அலமேலு பஞ்சு மில்லில், பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் மிஷின் பார்த்தாள். ஆகஸ்ட் 19 நைட் ஷிப்டில் அந்த மிஷின் அவள் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. மாதேசு மாமா, அம்மாவின் அண்ணன், அதே மில்லில் மேஸ்திரி. சத்தம் கேட்டு ஓடிவந்து அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். மில் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னதும் சங்ககிரியில் தன் வீட்டுக்கே எங்களை அழைத்து வந்துவிட்டார். பின்பக்க அறை எங்களுக்கு.

மிஷினை நிறுத்தாமலே அம்மா கையை விட்டாள் என்று மில் சொல்கிறது. அக்டோபர் 6 அன்று தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. ஆஸ்பத்திரியில் இருந்தபோது அம்மா, "நான் ஆப் பண்ணிட்டுத்தான் உட்டேன்" என்று எல்லோரிடமும் அடித்துச் சொன்னாள். இப்போது சொல்வதில்லை. நேற்று சோறு ஊட்டும்போது, "நான்தான் ஆப் பண்ணலையோ என்னமோ கண்ணு, தூக்கக் கலக்கமா இருந்திருக்கும்" என்றாள். விரல் போனது போனதுதான். அவள் புத்தியையும் அவள் கையிலிருந்து பிடுங்கப் பார்க்கிறார்கள்.

என்னிடம் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. மில்லின் டைம் ஆபீஸில் வேலை பார்த்த ரெஜினா அக்கா, வேலையை விட்டுவிட்டு ஓசூர் போகும் முன் பள்ளி வாசலில் வந்து கொடுத்தது. அந்த ராத்திரி கேமரா பதிவு. பதினைந்து நாளில் கேமராப் பெட்டி தானாகவே அழித்துவிடுமாம், அதற்குள் எடுத்து வைத்திருக்கிறது. "உங்கம்மாகூட ஒக்காந்து பாரு. வேற யார்கூடவும் பாக்காத" என்றது. ஏன் என்று கேட்டேன். பஸ் வந்துவிட்டது என்று ஏறிவிட்டது.

பதிவு எதிலும் திறக்கவில்லை. அந்தக் கேமராவுக்கென்றே ஒரு தனி வகைக் கோப்பு. செல்போன் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் செருகிப் பார்த்துவிட்டு, இது எந்த மில்லு கேமரா என்று கேட்டார். பிடுங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

இந்த வகைக் கோப்பைத் திறக்கிற ஒரு இலவச ப்ளேயர் இருக்கிறது. என்னிடம் இருப்பது மாமா மகள் கவிப்பிரியா அக்காவின் பழைய லேப்டாப். அதில் பழைய லினக்ஸ். அதற்குத் தயாராக எதுவும் இப்போது கிடைப்பதில்லை. மூல நிரலை எடுத்து நாமே கம்பைல் செய்துகொள்ள வேண்டும். ஓட்டலில் தோசை இல்லை, அரிசியும் உளுந்தும் இருக்கிறது, கொண்டுபோய் ஆட்டிச் சுட்டுக்கொள் என்கிறார்கள்.

இன்று பள்ளி லேபில் மேடம் வரும் முன் இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டேன். ப்ளேயர் ஒன்று, அதற்கு வேண்டிய லைப்ரரிகள் இரண்டு. ப்ளேயருக்குத் தானாகப் படம் காட்டத் தெரியாது. படத்தைப் பிரித்துக் கொடுக்கும் வேலை லைப்ரரியுடையது. அது இல்லையென்றால் இது படம் மாட்டாத வெறும் சட்டம்.

செப்டம்பர் 26, வெள்ளி

காலாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை. அம்மாவுக்குக் கட்டு மாற்றினேன். நானே மாற்றப் பழகிவிட்டேன். பிரிக்கும்போது அவள் சுவரைப் பார்த்துக்கொள்வாள், நான் பார்ப்பேன்.

மாலையில் மாமா கொய்யாப் பழமும் அம்மாவுக்குச் சத்து மாவும் வாங்கி வந்தார். தினமும் ஏதாவது வாங்கி வருகிறார். அம்மாவுக்கு முன்னால் மட்டும் உட்கார மாட்டார். பையைக் கொடுத்துவிட்டு நின்றபடியே பேசிவிட்டுப் போய்விடுவார். மில்லில் நாள் முழுக்க நின்று பழக்கமாக்கும்.

அம்மா மாத்திரை போட்டுத் தூங்கியதும் ஆரம்பித்தேன். பரீட்சைப் பேப்பரின் தலையில் எழுதுகிற மாதிரி, எல்லாவற்றையும் வைக்கிற ஃபோல்டருக்கு எங்கள் குலதெய்வத்தின் பெயர் வைத்தேன், ஆங்கில எழுத்தில், ‘முனியப்பன் துணை’ என்று. லைப்ரரிகளை அதற்குள் போடச் சொன்னேன். ஓடிக்கொண்டே இருந்தது, திடீரென்று நின்றது. ‘முனியப்பன்’ என்ற ஃபோல்டரே இல்லை என்கிறது.

இருக்கிறது. கண் முன்னால் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தேன். மூன்று தடவை முதலிலிருந்து செய்தேன். மூன்று தடவையும் அதே பதில். மணி இரண்டரை. நாய் குரைத்தால்கூடத் திரையைத் துண்டால் மூடிவிடுகிறேன்.

செப்டம்பர் 27, சனி

பூண்டு உரித்துக்கொண்டிருக்கும்போது பிடிபட்டது. இடைவெளி. முனியப்பனுக்கும் துணைக்கும் நடுவில் நான் விட்ட ஓர் இடைவெளி. இந்தக் கம்பைல் வேலையில் இடைவெளி வந்தால் பெயர் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். ‘முனியப்பன்’ என்று ஒன்றைத் தேடியிருக்கிறது, ‘துணை’ என்று இன்னொன்றைத் தேடியிருக்கிறது. இரண்டுமே கிடையாது.

ஈஸ்வரி அத்தை, "பூண்டப் பாத்து என்ன சிரிப்பு?" என்று கேட்டாள். ஒரு ஜோக் நினைவு வந்தது என்றேன். "எனக்கும் சொல்லு, நானும் சிரிச்சு வருசமாச்சு" என்றாள்.

ஃபோல்டருக்கு ‘m’ என்று ஒற்றை எழுத்தில் பெயர் வைத்துவிட்டேன். முனியப்பனிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்து அதை வாபஸ் வாங்கிக்கொண்டேன். என் பெயரை முழுசாக எழுது என்று அவர் எப்போது கேட்டார்? எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து.

செப்டம்பர் 28, ஞாயிறு

முக்கால்வாசி ஆனபோது கரண்ட் போனது. லேப்டாப்பில் பேட்டரி செத்து இரண்டு வருடம். மறுபடியும் முதலிலிருந்து. அழவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

கம்பைல் முடிந்தது. ஒரு பிழைகூட இல்லை. மகிழ்ச்சியில் அம்மாவை எழுப்பப் போனேன். நல்ல வேளை, எழுப்பவில்லை. ப்ளேயரை ஓட்டினால் ஒரே ஒரு வரி வருகிறது. லைப்ரரியைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பு இல்லை.

நான்தான் போட்டேன். அங்கேதான் இருக்கிறது. இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறது.

லேப்டாப்புக்குள்ளேயே கையேடு இருக்கிறது, உட்கார்ந்து படித்தேன். கட்டும்போது லைப்ரரி எங்கே என்று நான் சொன்னேன், கேட்டுக்கொண்டது. ஓடும்போது என்னைக் கேட்பதில்லை. தனக்குத் தெரிந்த இரண்டு மூன்று பெரிய இடங்களில் மட்டும் போய்ப் பார்க்கிறது. அங்கே இல்லாதது உலகத்திலேயே இல்லை. அந்தப் பெரிய இடங்களில் நான் எதையும் வைக்கவோ பதியவோ வேண்டுமென்றால் நிர்வாகி பாஸ்வேர்டு வேண்டும்.

அத்தையின் போனில் கவிப்பிரியா அக்காவை அழைத்து, ப்ராஜெக்ட் என்று சொல்லிக் கேட்டேன். "பாஸ்வேர்டா? ஹார்ட் டிஸ்க்கு மாத்துன கடக்காரருதான் போட்டாரு, எனக்கே தெரியாது புள்ள. நான் அதுல பாட்டு மட்டுந்தான் கேட்டேன்" என்றாள்.

என் பாஸ்வேர்டையே போட்டுப் பார்த்தேன். திரையில் வந்ததைத் தமிழில் எழுதுகிறேன். உங்கள் பெயர் அனுமதிப் பட்டியலில் இல்லை. இந்தச் சம்பவம் புகார் செய்யப்படும்.

வயரைப் பிடுங்கிவிட்டேன். யாரிடம் புகார்? இன்டர்நெட்டே இல்லையே, எப்படிப் போகும்? மில்லுக்குப் போகுமா?

செப்டம்பர் 30, செவ்வாய்

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. பால்காரர் மணி அடித்தபோது போலீஸ் என்று நினைத்தேன். பகலில் மாமா ஷிப்டுக்குப் போனதும் மறுபடியும் கையேட்டைப் படித்தேன். அந்தப் புகார் இதே லேப்டாப்புக்குள் ஒரு கோப்பில் ஒரு வரியாக எழுதப்படுகிறது. அவ்வளவுதான். அதைப் படிக்க வேண்டியவர் பாட்டு மட்டும் கேட்டவர். புகார் செய்யட்டும். பத்து தடவை செய்யட்டும்.

அதே கையேட்டில் இன்னொன்றும் கிடைத்தது. பெரிய இடத்தில் அனுமதி இல்லாதவர்கள், இந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் இந்த வழியிலும் போய்ப் பார் என்று தாங்களே சொல்லலாம். ஒரு வரிதான். LD_LIBRARY_PATH என்று எழுதி, பக்கத்தில் நம் ஃபோல்டரின் பாதையை எழுத வேண்டும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்த வரியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

சாயங்காலம் மாமா ஒரு பேப்பர் கொண்டுவந்தார். மில்லில் டைப் செய்தது. என்னையே வாசிக்கச் சொன்னார். ‘எனது சொந்தக் கவனக்குறைவினால்’ என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். மீதியை அவரே வாசித்தார். இதில் கையெழுத்துப் போட்டால் கேன்டீனில் அம்மாவுக்கு ஒரு வேலை தருவார்களாம், இல்லையென்றால் எதுவும் கிடையாதாம். அம்மா இடது கையால் பேனாவைப் பிடித்துப் பார்த்தாள். கை நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் பழகிவிட்டுப் போடுகிறேன் என்றாள். திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டு மாமா நின்றபடியே போய்விட்டார்.

இரண்டு பக்கம் ‘அலமேலு அலமேலு’ என்று இடது கையால் எழுதிப் பழகினாள். அதற்கு நான்தான் கோடு போட்டுக் கொடுத்தேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. அத்தை காலையிலேயே எல்லாவற்றையும் துடைத்து வைத்துவிட்டாள். மாமாவின் ஸ்பேனர் செட், வண்டிச் சாவி, அரிவாள்மனை, கத்தரிக்கோல், என் புத்தகம், எல்லாவற்றுக்கும் மேலே லேப்டாப். மூடி நிறையச் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே கதம்பம். நாளைக் காலையில் மறுபூஜை முடிகிறவரை யாரும் தொடக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டாள். தொட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "படிப்பு வராது" என்றாள்.

வராவிட்டால் போகட்டும். அம்மாவின் கையெழுத்துக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது.

எல்லோரும் படுத்ததும் பூஜை அறையிலிருந்து எடுத்து வந்தேன். சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. பூவைக் கீழே விழாமல் எடுத்து அரிவாள்மனை மேல் வைத்தேன். கட்டளை அடிக்கிற கருப்புத் திரையில் அந்த வரியை அடித்தேன். பிறகு வெளியே வந்து ப்ளேயரின் ஐகான் படத்தை இரண்டு தடவை தட்டினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் வரி, மறுபடியும் தட்டல். நாலு தடவை. அதற்குப் பிறகுதான் புரிந்தது. கருப்புத் திரையில் சொன்னது அந்தத் திரைக்கு மட்டும்தான் தெரியும். வெளியே இருக்கிற படத்தைத் தட்டினால் அது நான் சொன்னதைக் கேட்டிருக்காது. அங்கே சொன்னால் அங்கிருந்தே கூப்பிட வேண்டும். அதே திரையில், அதே வரிக்குப் பின்னாலேயே, ப்ளேயரின் பெயரை அடித்தேன்.

திறந்தது.

பார்த்ததை எழுதுகிறேன். சத்தம் கிடையாது. மூலையில் தேதியும் மணியும், இரண்டு பதின்மூன்று. அம்மா நீலக் கோட்டும் தொப்பியுமாக வருகிறாள். மிஷினில் பஞ்சு அடைத்திருக்கிறது. சிவப்புப் பொத்தானை அழுத்துகிறாள். கட்டை விரலால், நன்றாக, உள்ளே போகிற வரை. உருளை நிற்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இருபத்தெட்டு விநாடி. நான் எண்ணினேன். அதற்கப்புறம்தான் கதவைத் திறந்து கையை விட்டுப் பஞ்சை இழுக்கிறாள்.

வலது பக்கத்திலிருந்து ஓர் ஆள் வருகிறார். காதில் போன். பேசிக்கொண்டே வருகிறார், அம்மா இருக்கிற பக்கம் பார்க்கவில்லை. நின்றிருக்கிற மிஷினைப் பார்க்கிறார். பச்சைப் பொத்தானை அழுத்துகிறார்.

அடுத்த பத்து விநாடியை எழுத மாட்டேன்.

போனைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறார். மிஷினை நிறுத்துகிறார். தோளில் இருந்த துண்டை எடுத்து அம்மாவின் கையைச் சுற்றுகிறார். தூக்கிக்கொண்டு ஓடுகிறார். பச்சையை அழுத்தியவரும் தூக்கிக்கொண்டு ஓடியவரும் ஒரே ஆள்.

யார் என்று எழுத மாட்டேன். எழுதாவிட்டால் இன்னும் ஒரு ராத்திரி நான் இந்த வீட்டில் தூங்கலாம்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. லேப்டாப் மூடியில் சந்தனம் ஈஷியிருப்பதைப் பார்த்து அத்தை எலி என்றாள். மாமா எனக்குப் புதுப் பேனா கொடுத்து, "நல்லாப் படிக்கோணும் அம்மிணி, உன்னய இன்ஜினீராப் பாக்காம நான் கண்ண மூட மாட்டேன்" என்றார். காலில் விழச் சொன்னார்கள். விழுந்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

மாமா ஷிப்டில், அத்தை ரேஷன் கடையில். கதவைத் தாழ் போட்டுவிட்டு அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். கட்டாயம் பார்க்க வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றேன். பார்க்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், அந்தக் கையால்.

முடிந்ததும் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பற்றி ஏதாவது சொல்வாள், அழுவாள், அடித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன். மறுபடியும் போடச் சொன்னாள். போட்டேன். அவள் கை சிவப்புக்குப் போனதும், "நிறுத்து" என்றாள். நிறுத்தினேன். திரைக்குப் பக்கத்தில் குனிந்து தன் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆப் பண்ணிருக்கறேன் பாரு கண்ணு" என்றாள். "நான் நல்லாத்தான் ஆப் பண்ணிருக்கறேன்."

அந்த ஒரு இடத்தை ஆறு தடவை போடச் சொன்னாள். ஆறாவது தடவைக்குப் பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, நான் கோடு போட்டுக் கொடுத்த இரண்டு பக்கத்தையும் கிழித்து அடுப்பில் போட்டாள்.

அக்டோபர் 4, சனி

இன்று முழுக்க நான் அவரை மாமா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

காலையில் மாமா பேப்பரைக் கேட்டார். அம்மா கையெழுத்தில்லாமல் மடித்துக் கொடுத்தாள். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன்.

"நான் ஆப் பண்ணிட்டுத்தான் கைய உட்டேண்ணா."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே பாத்தேன்."

எதில் பார்த்தாய், எப்படிப் பார்த்தாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்தார், தரையில். "எம்பட வேலயும் போச்சுன்னா எல்லாரும் தெருவுலதான் நிக்கோணும் அலமேலு" என்றார்.

"எங்கிட்ட மட்டுமாவது சொல்லிருக்கலாமல்லண்ணா. ஒன்றர மாசமா எம்பட கைய நானே திட்டிட்டுக் கெடந்தேன்."

அவர் எழுந்து போய்விட்டார். மதியம் சாப்பிட வரவில்லை. சாயங்காலம் வந்து, லேப்டாப் யாரிடம் இருக்கிறது என்று அத்தையிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அத்தை, "புள்ளகிட்டத்தான், படிக்கறா" என்றாள்.

நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. அங்கே இருக்கிற கம்ப்யூட்டரில் இந்தக் கோப்பு திறக்காது. இத்தனை நாள் எனக்குச் சொன்னதையே அவர்களுக்கும் சொல்லும். அதனால் எந்தப் போனிலும் ஓடுகிற சாதாரண வீடியோவாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். அதே கருப்புத் திரை, அதே வரி. ஒரு மணி நேரப் பதிவு, பழைய லேப்டாப், எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். இப்போது பதினொன்றே கால். எழுபத்தொன்பது சதவீதம்.

மாமாவை எனக்குப் பிடிக்கும். இதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பச்சைப் பொத்தானை அவர் வேண்டுமென்று அழுத்தவில்லை, துண்டைச் சுற்றும்போது அவர் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தப் பேப்பரை வேண்டுமென்றுதான் கொண்டுவந்தார். அதை நின்றபடியே முழுசாக வாசித்தார். வேலை போனால் போகட்டும். தெருவில் நிற்க நேர்ந்தால் நிற்போம். நான் எழுதியது யார் கண்ணில் பட்டாலும் ஒரு வரியைக்கூட அடிக்க மாட்டேன்.

எண்பத்தாறு.

பயமாக இல்லை என்று சொல்ல மாட்டேன். நாளை கேள்வி கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும், எப்படித் திறந்தாய் என்று கேட்டால் முதலிலிருந்து

கதவைத் தட்டுகிறார்.

"அம்மிணி, தொற. மாமந்தான்."

எண்பத்தொன்பது. நான் திறக்கவில்லை. மூடவும் இல்லை. மறுபடியும் தட்டுகிறார், மெதுவாக. தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்த அம்மா எழுந்து உட்கார்ந்து முடியை அள்ளி முடிகிறாள், ஒரு கையால்.

"நீ உன்ற வேலயப் பாரு கண்ணு" என்கிறாள். "நான் பேசிக்கறேன்."

தொண்ணூற்றொன்று. தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள். தொண்ணூற்று